சிவகாசியில் மாலை 6 மணி... கரிசல் காட்டு அந்தியை கேமராவில் பிடிப்பது எப்படி?

சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சாலையில், சாயங்காலம் வேன்களும் பஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோகும். பட்டாசு ஆலைகளில் வேலை முடிந்து ஊர் திரும்பும் தொழிலாளர்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் சில கைகளில் வெள்ளிப் பூச்சு பூசியதுபோல ஒரு மினுமினுப்பு. அது அலுமினியப் பவுடர். தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் தங்கிவிடும். மேற்கே சரியும் வெயில் அந்தக் கைகளில் பட்டு ஒரு நொடி மின்னிவிட்டுப் போகும்.

இந்தப் பகுதியில் வேலை நேரத்தை முடிவு செய்வதில் கடிகாரத்துக்குப் பாதிப் பங்கு. வெளிச்சத்துக்கு மீதிப் பங்கு. மருந்து கையாளும் இடத்தில் ஒரு சின்னத் தீப்பொறிகூட ஆகாது. அதனால் கதவுகளை விரியத் திறந்துவைத்த சின்னச் சின்ன ஷெட்டுகளில், பகல் வெளிச்சத்தை நம்பியே வேலை நடக்கிறது. வெயில் இறங்கினால் வேலையும் இறங்க வேண்டும்.

சரியாக அந்த நேரத்தில்தான் இன்னொரு கூட்டம் மொபைலும் கேமராவுமாக வெளியே வருகிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு மேற்கு எல்லை, மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை கரிசல் சமவெளி. நடுவில் மறைக்க ஒன்றுமில்லை. பரந்த நிலம், பரந்த வானம், தூரத்தில் மலை, அதன்பின்னே இறங்கும் சூரியன். வைட் ஆங்கிள் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால் முகம் சுருங்கிவிடும். கண்ணில் அவ்வளவு பெரிதாக நின்ற மலை, படத்தில் பென்சிலால் இழுத்த கோடாகக் கிடக்கும். சூரியன் ஒரு கடுகு. மிச்சமெல்லாம் வெற்றுத் தரை!

மலை ஏன் சுருங்குகிறது?

இதற்குக் காரணம் போன் அல்ல, கணக்கு. 1,500 மீட்டர் உயர மலை 30 கிலோமீட்டருக்கு அப்பால் நின்றால், அது நம் பார்வையில் எடுத்துக்கொள்ளும் உயரம் 3 டிகிரிக்கும் குறைவு. சிவகாசியிலிருந்து மேற்கே பார்த்தால் மலை தெரிவது ஏறக்குறைய இந்த அளவில்தான். போனில் இருக்கும் ‘0.5 எக்ஸ்’ லென்ஸோ 100 டிகிரிக்கு மேல் விரிந்த காட்சியை ஒரே சட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கும். விளைவு, படத்தின் மொத்த உயரத்தில் மலைக்குக் கிடைப்பது 40-ல் 1 பங்கு. சூரியனுடைய நிலைமை அதைவிட மோசம். அதன் அகலம் அரை டிகிரிதான். படத்தின் அகலத்தில் 300-ல் 1 பங்கு!

நம் கண் இப்படிப் பார்ப்பதில்லை. மலையில் மனசு நின்றுவிட்டால் மற்றதெல்லாம் மங்கிவிடும். லென்ஸுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது.

ஆக, வைட் ஆங்கிள் என்பது தூரத்தில் உள்ளதைக் காட்டும் லென்ஸ் இல்லை. காலடியில் உள்ளதைப் பெரிதாக்கும் லென்ஸ். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சிவகாசிப் பக்கம் 0.5 எக்ஸில் படம் எடுக்கப் போகிறவர், மலையைத் தேடும் முன் கீழே குனிந்து தரையைத் தேட வேண்டும்.

தரையில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. கோடையில் கரிசல் மண் உள்ளங்கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புகள் கோடுகளாக ஓடிப்போய் மலையில் முடிவதுபோலக் காட்டலாம். மழைக்குப் பிறகு அதே இடத்தில் மக்காச்சோளமோ, பருத்தியோ, சூரியகாந்தியோ நிற்கும். கண்மாய்க் கரை இருக்கிறது. ஒற்றைப் பனை இருக்கிறது. ஆடுகள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை இருக்கிறது. சீமைக் கருவேலம், கேட்கவே வேண்டாம், எங்கு திரும்பினாலும் இருக்கிறது. அழகில்லை என்று எல்லோரும் சட்டத்துக்கு வெளியே தள்ளப் பார்க்கும் அந்த முள்மரம், அந்தி வெளிச்சத்துக்கு எதிரில் நிற்கும்போது கறுப்பு நூலில் பின்னிய லேஸ் மாதிரி ஆகிவிடும்.

முன்னால் இருக்கும் பொருள் ஒரு மீட்டருக்குள் இருந்தால்தான் வைட் ஆங்கிளில் அதற்கு எடுப்பு. போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையோடு தரையாக வந்துவிடும்; குப்புறப் படுக்க வேண்டியதில்லை. வெடித்த மண்ணின் விளிம்பு சட்டத்தின் கீழ்ப்பாதியை நிறைத்துக்கொள்ளும். மலை சின்னதாகத்தான் தெரியும். ஆனால் இப்போது அது சின்னதாக இருப்பதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடும். இவ்வளவு தரையைக் கடந்துதான் அங்கே போக வேண்டும் என்று படமே சொல்லும்.

இல்லை, மலைதான் முக்கியம் என்கிறீர்களா? அப்படியானால் 0.5 எக்ஸை மறந்துவிடுங்கள். 2 எக்ஸில் வைத்து, போனைச் செங்குத்தாகப் பிடித்து, இடமிருந்து வலமாக ஆறேழு படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு திரும்ப வர வேண்டும். எடுக்கும் முன் வெளிச்ச அளவைப் பூட்டிவிடுவது கட்டாயம். இல்லாவிட்டால் துண்டுக்குத் துண்டு வானத்தின் நிறம் மாறும். பிறகு செயலியில் ஒட்டிக்கொள்ளலாம். அகலமும் கிடைக்கும், மலையும் மலையாக இருக்கும்.

கூகுள் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள்!

செயலிகளில் வரும் அஸ்தமன நேரம், தடையே இல்லாத அடிவானத்துக்கான கணக்கு. இங்கே மலை குறுக்கே நிற்கிறது. சூரியன் ஒரு டிகிரி இறங்க 4 நிமிடம். மலை 3 டிகிரி உயரத்தில் தெரிகிறது என்றால், சொன்ன நேரத்துக்கு 12 நிமிடம் முன்பாகவே சூரியன் மறைந்துவிடும். மலையை நெருங்க நெருங்க இந்த வித்தியாசம் கூடும். அதே 1,500 மீட்டர் மலையிலிருந்து 10 கிலோமீட்டரில் நின்றால் அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ‘ஆறு மணிக்கு அஸ்தமனம், அஞ்சே முக்காலுக்குப் போனால் போதும்’ என்று வருபவர்கள் நிழலைத்தான் பார்ப்பார்கள்.

மாதமும் முக்கியம். சிவகாசியில் நவம்பரில் 6 மணி ஆகும் முன்பே அஸ்தமனம். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் 6.40 தாண்டும். திசையும் மாறும். மார்ச், செப்டம்பர் பின்பாதியில் நேர் மேற்கே, ராஜபாளையம் பக்கமாகச் சூரியன் இறங்கும். ஜூனில் வடக்கே நகர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போகும். டிசம்பரில் ராஜபாளையத்துக்கும் தெற்கே தள்ளிப்போய்விடும். கடந்த மாதம் பார்த்துவைத்த பனைமரத்துக்குப் பின்னால் இந்த மாதம் சூரியன் இருக்காது.

எந்தப் பருவம் நல்லது என்று கேட்டால், தயங்காமல் ஐப்பசி, கார்த்திகை என்று சொல்லலாம். வடகிழக்குப் பருவமழை தூசியைக் கழுவிவிட்டிருக்கும். கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். மேகம் இருக்கும். மேகமே இல்லாத சுத்தமான வானம் பார்க்க நன்றாக இருக்கும், படத்துக்கு உதவாது.

நிற்க நாலு இடங்கள்

சிவகாசிக்குப் பக்கத்திலேயே திருத்தங்கல். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நின்ற நாராயணப் பெருமாள் கோயில் இங்கே ஒரு சின்னக் குன்றின் மீது இருக்கிறது. சமவெளியில் குன்று கிடைப்பது அபூர்வம். கொஞ்சம் உயரம் ஏறினாலே முன்னால் இருக்கும் வீடுகளும் மரங்களும் கீழே இறங்கிவிடும். நிலத்தின் அகலம் புரியும். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை.

ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். ஆண்டாள் கோயிலின் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று ஊரே பெருமைப்படும். வைட் ஆங்கிளில் இதை எடுப்பவர்களில் பெரும்பாலோர் செய்யும் காரியம் ஒன்று: கோபுரத்தின் அடியில் போய் நின்று போனை அண்ணாந்து பிடிப்பது. கோபுரம் ஏற்கெனவே மேலே போகப் போகக் குறுகும் வடிவம். லென்ஸும் சேர்ந்து குறுக்கினால் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல் ஆகிவிடும்.

தள்ளி வர வேண்டும். போனை நிமிர்த்தி, சாய்க்காமல், அடிவானம் படத்தின் நடுவில் வரும்படி பிடிக்க வேண்டும். கீழே தெரு அதிகமாக வந்தால் பரவாயில்லை, பிறகு வெட்டிக்கொள்ளலாம். அந்தத் தெருவிலேயே சைக்கிளோ பூக்கடையோ கிடைத்தால் வெட்டக்கூடத் தேவையில்லை. கோபுரத்துக்குக் கிழக்கே நின்றால், சூரியன் அதற்குப் பின்னால் இருக்கும். கோபுரம் கறுப்பு உருவமாக, ஓரங்களில் மட்டும் பொன் கோட்டோடு தெரியும். மேற்கே போய்த் திரும்பிப் பார்த்தால் வேறு கதை. மாலை வெயில் முழுக்கக் கோபுரத்தின் மேல் விழும். சுதைச் சிற்பம் ஒவ்வொன்றும் நிழலோடு எழும்பி நிற்கும். சூரியனைப் பார்த்து எடுப்பதுதான் அந்திப் படம் என்று யாரும் சட்டம் போடவில்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டினால் இந்த மாவட்டத்தில் இன்னும் நல்ல படங்கள் கிடைக்கும்.

வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணைகள். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு. மலை இங்கே தோள் தட்டும் தூரத்தில் நிற்கிறது. சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும் என்றாலும், அதற்குப் பிறகும் வானம் வெகுநேரம் வெளிச்சமாக இருக்கும். தண்ணீர் அந்த வானத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். தண்ணீரில் தெரியும் பிம்பம் எப்போதும் வானத்தைவிட ஒரு படி இருட்டு. எடிட்டிங்கில் இரண்டையும் ஒரே அளவுக்கு ஏற்றினால் போலியாகத் தெரிவது அதனால்தான். இந்த மலைக்காடுகள் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. யானைகள் உள்ள காடு. இருட்டிய பிறகு ‘இன்னும் ஒரே ஒரு ஷாட்’ என்று மலையடிவாரத்தில் நிற்பது வேண்டாம்.

வெம்பக்கோட்டையில் வைப்பாற்றின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கிய ஊர். விருதுநகர் பக்கம் தங்குபவர்களுக்குக் குல்லூர்சந்தை நீர்த்தேக்கம். குளிர்கால மாதங்களில் இங்கே பறவைகளையும் பார்க்கலாம். வைட் ஆங்கிளில் பறவை புள்ளிதான். கூட்டமாக எழும்பும்போது மட்டும் எடுத்தால் போதும்.

புகையைப் பார்த்து ஓடாதீர்கள்

இந்த வட்டாரத்தில் படம் எடுப்பவர்களுக்கு மலை, வானம், பனை தாண்டி இன்னொன்றும் சட்டத்துக்குள் வரும். சமவெளி முழுக்க இடைவெளி விட்டு விட்டுச் சிதறிக் கிடக்கும் சின்ன ஷெட்டுகள். ஒன்றில் விபத்து நடந்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காகவே இந்த இடைவெளி. நடுநடுவே வேப்பமரங்கள். தூரத்திலிருந்து பார்க்க அமைதியான கிராமம் மாதிரி இருக்கும். ‘அடடா, என்ன ஒரு மினிமலிஸ்ட் ஃப்ரேம்’ என்று தோன்றும்.

சாலையிலிருந்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆலை வளாகங்களுக்குள் மொபைல் போனுக்கே தடை. வேலிக்கு அருகே போவதும், மேலே டிரோன் விடுவதும் கூடவே கூடாது. பேட்டரி வைத்த ஒரு பொருள் மருந்து உலரும் இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

2012 செப்டம்பர் 5-ம் தேதியை சிவகாசி மறக்காது. முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் இல்லை. முதலில் எழுந்த புகையைப் பார்த்து, உதவி செய்யவும் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். அடுத்து வந்த பெரிய வெடிப்பில் அவர்கள் சிக்கிக்கொண்டார்கள். இன்று எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. சாயங்கால வெயிலில் புகைத்தூண் எழும்புவது படத்துக்கு அழகாகக்கூட இருக்கலாம். அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பக் கூடாது. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் சாலையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போவதுதான் செய்ய வேண்டிய காரியம்.

வேனில் திரும்பும் தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வெள்ளி படிந்த கைகள் நல்ல படம்தான், சந்தேகமில்லை. ஆனால் நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பில் இருப்பவரின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். போதாததற்கு 0.5 எக்ஸின் ஓரத்தில் மாட்டும் முகம் இழுபட்டு விகாரமாகவும் வரும்.

வானத்துச் சிவப்பும் மத்தாப்புச் சிவப்பும்

சிவகாசிக்கு நிறம் என்றால் தொழில். மத்தாப்பில் வரும் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம், மஞ்சளுக்கு சோடியம். ஒவ்வோர் உப்பும் சூடானதும் தன் நிறத்தைத் தானே உமிழும். பேரியத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை போட்ட பிறகு, பச்சை நிறத்துக்குப் பட்ட பாடு தொழில்காரர்களுக்குத்தான் தெரியும்.

அந்திச் சிவப்பு இதற்கு நேர் எதிர். அங்கே புதிதாக எதுவும் எரிவதில்லை, மிச்சம்தான் வருகிறது. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியில் இருப்பதைவிட சுமார் 38 மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். வழியிலேயே நீலம் சிதறிப்போய்விட, கடைசி வரை தாக்குப்பிடிக்கும் ஆரஞ்சும் சிவப்பும் நம்மிடம் வந்து சேர்கின்றன.

காற்றில் என்ன மிதக்கிறது என்பதைப் பொறுத்து இந்த நிறம் மாறும். 1883 ஆகஸ்ட்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபோது, அதன் துகள்கள் உலகையே சுற்றின. அடுத்த மாதம் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்ததை அன்றைய வானியலாளர்கள் குறித்து வைத்தார்கள். நவம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மேற்கே ஏதோ பெரிய தீ பிடித்துவிட்டது என்று நினைத்துத் தீயணைப்பு வண்டிகளை வரவழைத்த சம்பவமும் நடந்தது. லண்டனில் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் தேம்ஸ் நதிக்கரையில் உட்கார்ந்து, அந்த அந்தி வானங்களை 500-க்கும் மேற்பட்ட வண்ணச் சித்திரங்களாகத் தீட்டினார். நிறம் மாறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் எல்லாமே அவசரச் சித்திரங்கள். இன்றைக்கு போன் வைத்திருப்பவருக்கும் அதே அவசரம்தான். சூரியனின் கீழ் விளிம்பு மலையைத் தொட்டால், முழுசாக மறைய 2 நிமிடம்!

அந்த 2 நிமிடத்துக்குள் செட்டிங் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் லென்ஸைப் பனியனிலாவது துடைத்துவிட வேண்டும். இந்த ஊர்த் தூசிக்கும் எதிர்வெயிலுக்கும் சேர்ந்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல ஆகிவிடும். வானத்தில் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பூட்டிவிட வேண்டும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், ‘என்ன இவ்வளவு மஞ்சள்’ என்று போனே திருத்திவிடும். பகல் வெளிச்சம் என்ற அளவில் வைத்தால் மஞ்சள் மஞ்சளாக இருக்கும். ‘ரா’ ஃபைல் வசதி இருந்தால் அதில் எடுப்பது நல்லது. சூரியன் கண்ணைக் கூசினால் பனைமரத் தண்டுக்குப் பின்னால் பாதி மறைத்துக்கொள்ளலாம்.

எடிட்டிங்: கரிசலைக் கறுப்பாகவே விடுங்கள்

கரிசல் நிலத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. செம்மண்ணோ மணலோ அந்தி வெளிச்சத்தைக் கொஞ்சம் திருப்பித் தரும். கரிசல் தராது; விழுங்கிவிடும். மேலே கொளுத்தும் வானம், கீழே இருட்டு மண். இரண்டையும் ஒரே படத்தில் பார்த்ததும் கை தானாக ‘ஷேடோஸ்’ பட்டனுக்குப் போகும். முழுக்க ஏற்றினால் மண் சாம்பல் கலந்த ஊதா நிறமாகி, புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடும். கறுப்பு மண்ணைக் காணவே காணோம்! பெயரே கரிசல். கறுப்பாகத்தானே இருக்கும்?

எனவே முதலில் ‘ஹைலைட்ஸ்’ இறக்கி வானத்தை மீட்க வேண்டும். ஷேடோஸைக் கொஞ்சமாக, மண்ணின் வெடிப்பு தெரியும் அளவுக்கு மட்டும் ஏற்றினால் போதும். அடிவானம் சாய்ந்திருந்தால் நேராக்க வேண்டும். தரை தட்டையான ஊரில் அரை டிகிரி சாய்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ‘சாச்சுரேஷன்’ எல்லா நிறத்தையும் ஒரே அடியாக ஏற்றும். ‘வைப்ரன்ஸ்’ ஏற்கெனவே அடர்ந்த நிறத்தை விட்டுவிட்டு மங்கலானதைத் தூக்கும். அந்திப் படத்துக்கு இரண்டாவதே பாதுகாப்பு. லைட்ரூம், ஸ்னாப்சீட் போன்ற செயலிகளில் வானத்தையும் தரையையும் தனித்தனியாகத் திருத்தவும் வழி இருக்கிறது. அப்படித் திருத்தும்போது மலை உச்சியை ஒட்டி வெள்ளையாக ஓர் ஒளிவட்டம் வந்தால், கை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

வானத்தையே மாற்றித் தரும் பட்டனும் இப்போது உண்டு. ஒரு தட்டு தட்டினால் திருத்தங்கலுக்கு மேலே எந்தக் கடற்கரையின் வானமோ வந்து உட்கார்ந்துகொள்ளும். மின்கம்பி, முள்மரம், ஷெட்டு, குப்பை எல்லாவற்றையும் விரலால் தடவி அழிக்கவும் செய்யலாம். மின்கம்பி போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று விட்டுவிடலாம். ஷெட்டுகளை அழித்த பிறகு அது எந்த ஊர்ப் படம்? இந்த நிலம் ஏன் இப்படி இடைவெளி விட்டுக் கிடக்கிறது என்பதற்கான காரணமே அவைதான். ஊர் பெயரைப் போட்டு இன்ஸ்டாவில் ஏற்றுபவர், ஊரையும் படத்தில் விட்டுவைக்க வேண்டும்.

‘கலரைக் கூட்டுவதைச் சிவகாசிக்காரர்களிடமே குறை சொல்வதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊர் ஊருக்குச் சுவரில் தொங்கும் காலண்டர்கள் இங்கிருந்து போனவைதானே. பக்கத்து கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898-1976), அவருடைய சீடர்கள் ஆகியோரின் சாமிப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகத்தான் வீடு வீடாகப் போயின. அந்தச் சாமிகளுக்குப் பின்னால் விரியும் வானத்தில் உலகத்தில் இல்லாத ரோஜா நிறமெல்லாம் இருக்கும். ஆனால் அது ஓவியம் என்று பார்க்கும் எல்லோருக்கும் தெரியும், யாரும் ஏமாறவில்லை. போட்டோவைப் பார்ப்பவர் ‘அன்றைக்கு அங்கே இப்படி இருந்தது’ என்று நம்பித்தான் பார்க்கிறார்.

இன்னொன்று, கண்மூடித்தனமாக நிறத்தை ஏற்றியவர்களுக்கு அச்சகமே பாடம் எடுத்துவிடும். போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு, நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையைக் காகிதத்தில் தெளித்துக் காட்டுகிறது. திரையில் தகதகக்கும் ஆரஞ்சில் ஒரு பகுதியை இந்த நாலு மையாலும் எட்டவே முடியாது. திரையில் உச்சத்துக்கு ஏற்றிய அந்தி வானம், காகிதத்துக்கு வரும்போது செங்கல் நிறமாகப் படுத்துவிடும். அதோடு, மேகத்தின் மடிப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே திட்டாகிவிடும். அளவாக ஏற்றிய படம் பெரிய சேதாரம் இல்லாமல் தப்பிக்கும். அச்சுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் நாலு கலர் முறைக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, அதில் நன்றாக இருக்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 12 மெகாபிக்சல் படம் 13-க்கு 10 அங்குல அச்சுக்குத் தாராளமாகப் போதும்.

சூரியன் போன பிறகு

மலைக்குப் பின்னால் சூரியன் மறைந்ததும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். மேலே நிற்கும் மேகத்துக்கு இன்னும் வெயில் கிடைத்துக்கொண்டிருக்கும். செயலி சொல்லும் அஸ்தமன நேரத்தை ஒட்டித்தான் மேகம் அடியிலிருந்து சிவக்கத் தொடங்கும். அதற்குப் பிறகும் 20 நிமிடங்களுக்கு மேல் வெளிச்சம் நிற்கும். இந்த நேரத்தில் 0.5 எக்ஸ் லென்ஸ் திணறும். பெரும்பாலான போன்களில் அதன் சென்சார் சின்னது. முதன்மைக் கேமராவுக்கு மாறி, மைல்கல் மீதோ வண்டி சீட்டின் மீதோ போனை ஊன்றி, நைட் மோடில் எடுக்கலாம். மலை ஒரே அடர்நீலக் கோடாகிவிட, அதன் அடியில் ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக எட்டிப்பார்க்கும். இந்த விளக்குகள் வந்த பிறகு எடுக்கும் படம்தான் பல நாள்களில் அன்றைய சிறந்த படமாக இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் திரும்புபவர்களுக்குப் பால்கோவாக் கடைகள் திறந்திருக்கும். விருதுநகர் வழி என்றால் எண்ணெய்ப் பரோட்டா. கை கழுவிவிட்டுப் படங்களைத் திரும்பப் பாருங்கள். பசியோடு அழித்தால் நல்லதும் சேர்ந்து போய்விடும்.

எடுத்த படத்தைக் காலண்டராகவே பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் மட்டும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான மாதிரி ஆல்பங்கள் பூஜை போட்டு வெளியாவது ஆடிப்பெருக்கு அன்றுதான். கார்த்திகையில் எடுத்த அந்தி வானம், ஆடி 18-ல் மேஜைக்குப் போய், அதற்கடுத்த தை மாதம் யார் வீட்டுச் சுவரிலோ ஆணியில் தொங்கும்.